டைப் 1, டைப் 2: நம் இயக்கக் கணக்குகள் பற்றி ஒரு விமர்சனம்

தமிழ்நாடு பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இயக்கவியல் 2-ஆம் அலகு. வேலை, ஆற்றல், திறன் 4-ஆம் அலகு. நடுவில் இயக்க விதிகள். இந்த வரிசையில் தப்பே இல்லை. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் மாணவர்கள் இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று பஸ் விடாத மூன்று ஊர் மாதிரிதான் பார்க்கிறார்கள். இதற்குப் புத்தகத்தைவிட, அதன்மேல் வளர்ந்து நிற்கும் கைடு, டியூஷன் முறைதான் காரணம் என்பது என் வாதம்.

கீழ்க்கட்டளை பக்கம் டியூஷன் போகும் சில பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். டைப் 1, மேலே எறிந்த பந்து. டைப் 2, பிரேக் போடும் வண்டி. டைப் 3, சாய்தளம். டைப் 4, சுருள்வில். ஒவ்வொன்றுக்கும் கட்டம் கட்டிய ஒரு ஃபார்முலா. கொடுத்ததை எழுது, கேட்டதை எழுது, பிரதியிடு, விடைக்கு அடியில் இரண்டு கோடு போடு. அவ்வளவுதான்.

1981-இல் சீ, பெல்டோவிச், கிளேசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து, ‘ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து வையுங்கள்’ என்றார்கள். புதிதாகப் படிப்பவர்கள் சாய்தளக் கணக்கு, சுருள்வில் கணக்கு என்று படத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, நியூட்டனின் இரண்டாம் விதி என்று அடிப்படைத் தத்துவத்தை வைத்துப் பிரித்தார்கள். நம்ம நோட்டு என்ன செய்கிறது? கற்றுக்குட்டியின் அந்தப் பிரிவினையையே பாடத்திட்டமாக்கி, இதுதான் இயற்பியல் என்று சொல்லிக் கொடுக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரோட்டில் இரண்டு ஸ்கூட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டர், இன்னொன்று 60. இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே அளவு பிரேக் பிடிக்கிறார்கள். 40-இல் வந்தவர் நிற்கும் இடத்தில், 60-இல் வந்தவரின் வேகம் என்ன?

‘20’ என்று சொல்லத் தோன்றும். 60-இல் 40 போனால் 20, இல்லையா? விடை கிட்டத்தட்ட 45. பிரேக் குறைப்பது வேகத்தை இல்லை, வேகத்தின் வர்க்கத்தை. 3600-இலிருந்து 1600 போனால் 2000. அதன் வர்க்கமூலம் 44.7. நிறை தேவையில்லை, உராய்வுக் குணகம் தேவையில்லை, நேரமும் தேவையில்லை. ஒரே தூரம், ஒரே விசை என்றால் செலவாகும் ஆற்றலும் ஒன்றே. அதுமட்டும் தெரிந்தால் போதும்.

இன்னும் ஒரு படி போகலாம். உராய்வுக் குணகம் 0.7, பிரேக்கில் கை போக ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், அதே இடத்தில் இரண்டாமவரின் வேகம் சுமார் 55. முதல் ஆள் நின்றுவிட்டார். இவர் இன்னும் பாதி வேகம்கூடக் குறையவில்லை. குறுக்கே ஒருவர் ரோட்டைக் கடக்கிறார் என்றால், இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டைப் 2 நோட்டில் இதற்கும் ஃபார்முலா இருக்கிறது. இந்தக் கேள்விதான் இல்லை.

அந்த ஃபார்முலா, அதாவது மூன்றாவது இயக்கச் சமன்பாடு, உண்மையில் ஆற்றல் சமன்பாடேதான். இரண்டு பக்கமும் நிறையின் பாதியால் பெருக்குங்கள். இடதுபக்கம் இயக்க ஆற்றலின் மாற்றம், வலதுபக்கம் விசை செய்த வேலை. 2-ஆம் அலகிலேயே 4-ஆம் அலகு உட்கார்ந்திருக்கிறது.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், முடுக்கம் மாறும்போது. சுருள்வில்லில் விசை நீளத்தோடு மாறுகிறது. அங்கே உச்ச விசையை எடுத்து மூன்றாவது சமன்பாட்டில் போட்டால் வேகத்தின் வர்க்கம் இரண்டு மடங்காக வரும். ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது ஏன் தப்பு என்று தெரியாது. ‘டைப் மாறிப்போச்சு’ என்பார்.

வேகமா, வேகத்தின் வர்க்கமா என்பது அவ்வளவு சுலபமான விஷயமும் இல்லை. 1686-இல் லைப்னிட்ஸ் கிளப்பிய இந்தச் சண்டை ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் ஓடியது. ஹாலந்தின் க்ராவெசாண்டே களிமண்ணில் பித்தளைக் குண்டுகளைப் போட்டு, பள்ளம் வேகத்தின் வர்க்கத்தோடு போவதைக் காட்டினார். பெரிய மூளைகள் திணறிய இடத்தை நாம் ஒரு வரியில் கடந்துவிட்டு, பையனுக்கு ‘பேசிக்ஸ் வீக்’ என்கிறோம்.

டியூஷன்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2025 நீட்டில் 180 கேள்விக்கு 180 நிமிடம். யோசிக்க நேரம் ஏது? தொடக்கத்தில் மாதிரிக் கணக்குகளைப் பார்த்துப் போடும் பயிற்சியும் அவசியம்தான். ஆற்றல் வழி எல்லாவற்றுக்கும் மருந்தும் இல்லை: ‘எத்தனை வினாடி’ என்று கேட்டால், மறுபடி முடுக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

அதனால் டைப்புகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. பிரதியிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி எழுத வையுங்கள்: இங்கே எது மாறாமல் இருக்கிறது, விசையா, ஆற்றலா, உந்தமா? ஏன்? அந்த வரிக்கும் ஒரு மார்க் போடுங்கள். மார்க் இருந்தால் நம்ம பிள்ளைகள் எதையும் எழுதுவார்கள்.