கள்ளூர் அவையமும் இக்கால வழக்குமன்றமும்

அகநானூற்றின் 256ஆம் பாட்டு மருதத்திணையின்பாற்பட்டது. பாடியவர் மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார். பரத்தையொடு வையைப் புதுப்புனலாடி மீண்டு, அதனை மறைத்து மனைவாயிலில் வந்து நின்ற தலைவனைத் தோழி மறுத்துரைப்பதாக அமைந்தது. அப்பாட்டின் இறுதியில் உவமையாக ஒரு வழக்கு இடம்பெற்றுள்ளது. கள்ளூரில் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று சூளுரைத்தான். உண்மை அறிந்த சான்றினரை வினாவிய அவையம், அவன் சூள் பொய்ச்சூள் எனக் கண்டது. அவன் தலையில் நீறு பெய்து ஒறுத்தது. அந்நாளில் அவையத்தே எழுந்த ஆரவாரத்தினும் நின் புனலாட்டுப் பற்றிய அலர் பெரிது என்பது தோழியின் கூற்று.

இப்பாட்டை முதுகலை வகுப்பிற் பாடஞ்சொல்லி வருங்கால், திணை, துறை, உவமை, உள்ளுறை ஆகியவற்றை விளக்கி அமைவதே எம் வழக்கம். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த அவையம் அப்பெண்ணை என்ன கேட்டது, ஐயா?" என்று வினவினாள். உரைகளிலும் பாட்டிலும் அதற்கு விடை இல்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

அவ்வினா எம்மைப் பெரிதும் உறுத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. யாம் வாழ்வது திருவண்ணாமலையில், இரமணாசிரமத்தை அடுத்த பகுதி. 2025 செப்டம்பர் இறுதியில், இந்நகரின் புறவழிச்சாலைப் பகுதியில் இரவுக் காவற்பணியில் இருந்த காவலர் இருவர் மீது வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டு எழுந்தது. இருவரும் கைது செய்யப்பட்டுப் பணியினின்றும் நீக்கப்பட்டனர். குற்றத்தின் உண்மை மன்றம் ஆராய்ந்து கூறற்பாலது. அதுபற்றி ஈண்டு உரைத்தல் முறையன்று. ஆயின் அந்நாட்களில் செங்கம் சாலைத் தேநீர்க் கடைகளில் எம் செவிப்பட்ட உரையாடல்களில் ஒரு வினா மீண்டும் மீண்டும் எழக் கேட்டோம்: "அந்த நேரத்தில் அந்தப் பெண் அங்கே ஏன் வந்தாள்?" மலையை வலம்வர எந்நேரமும் பெண்டிர் நடந்து செல்லும் ஊரில் இவ்வினா எழுந்தது வியப்பிற்குரியது. கள்ளூரில் சொல் ஆராயப்பட்டவன் ஆடவன். இங்கு வினவப்பட்டவள் பெண். இவ்வேறுபாடு யாண்டு நின்று தோன்றியது என ஆராய்வாம்.

சொல்லும் வழக்கும்

முதற்கண் சொல்லை நோக்குவோம். கள்ளூர் நிகழ்ச்சியைக் கூறுங்கால் புலவர் ஆளும் வினை 'வவ்வுதல்' என்பது. கவர்தல், கைப்பற்றல் என்னும் பொருட்டு. அவ்வினைக்கு எழுவாயாக நிற்பவனைச் சுட்டும் சொல் 'அறனிலாளன்' என்பது. வினையும் பழியும் ஒருங்கே ஆடவன்மேல் நிற்கின்றன. பெண்ணைக் குறிக்கும் சொற்களோ அவள் இளமையையும் நுதலின் பொலிவையும் சுட்டுவன; அவள் ஒழுக்கத்தை அளக்கும் சொல் ஒன்றும் அங்கு இல்லை.

இனி, இருபதாம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களும் சட்ட மொழிபெயர்ப்புகளும் நெடுங்காலம் ஆண்ட 'கற்பழிப்பு' என்னும் சொல்லை நோக்குக. அழிக்கப்பட்டது யாது? கற்பு. அஃது யாருடையது? பெண்ணுடையது. எனவே குற்றம் செய்தவன் வினையைக் கூற வந்த சொல், அவனை மறைத்துப் பெண்ணின் இழப்பைக் கூறி அமைகின்றது. அதனினும் தீங்கு ஒன்று உண்டு. கற்பு அழிந்தது என்று கூறின், அழிதற்கு முன் அஃது இருந்ததா என்னும் வினா தானே தோன்றும். அவ்வினா தோன்றியவுடன் வழக்கு திரிகின்றது. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் விலக, சான்றளிக்க வந்தவள் அக்கூண்டில் ஏறுகின்றாள்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி எனக் கருதுவார் 1972இல் மகாராட்டிரத்துத் தேசாய்கஞ்சுக் காவல் நிலையத்தில் நிகழ்ந்ததன் வரலாற்றை நோக்குக. பழங்குடிச் சிறுமி ஒருத்தியைக் காவலர் இருவர் நிலையத்துள்ளேயே சிதைத்தனர் என்பது வழக்கு. 1974இல் அமர்வு நீதிமன்றம் அவள் முன்னரே உடலுறவிற் பழகியவள் என்று கூறிக் காவலரை விடுவித்தது. 1976இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை அம்முடிபை மாற்றி, அச்சத்தால் அடங்கியிருத்தல் வேறு, உடன்பாடு வேறு எனத் தெளிவுறுத்தித் தண்டனை விதித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம், அவள் உடலிற் காயம் இன்மையையும் கூக்குரல் எழுப்பாமையையும் சுட்டி மீண்டும் காவலரை விடுவித்தது. மூன்று மன்றங்களுள் இரண்டு பெண்ணின் உடலையும் ஒழுக்கத்தையும் துருவின. ஒன்றே ஆடவரின் அதிகாரம் அவளை எவ்வாறு அடக்கிற்று என்பதை ஆராய்ந்தது.

வாய்வாளாமையை உடன்பாடாகக் கொண்ட அத்தீர்ப்பு, அகப்பொருள் பயின்றார்க்கு மிகுதியும் வியப்பளிக்கும். தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் வெளிப்படக் கூறாள் என வகுத்த தமிழிலக்கணம், அவள் சொல்லாமையிலிருந்தே எல்லாம் கொள்ளலாம் என்று விதித்திலது. குறிப்பும் மெய்ப்பாடும் கொண்டு இருவர் உள்ளமும் ஒத்தனவா எனத் தேர்தல் வேண்டும் என்றது. வலிந்து கொள்ளுதலாகிய இராக்கதத்தை உரையாசிரியர்கள் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தமையும் கருதத்தக்கது.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர் என்னும் சட்டப் பேராசிரியர் நால்வர் இத்தீர்ப்பை மறுத்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் வரைந்தனர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் வன்புணர்ச்சி வழக்குகளில், புணர்ச்சி மெய்ப்பிக்கப்பட்டபின், உடன்பாடு இல்லை எனப் பெண் மன்றத்திற் கூறின் அதனையே மன்றம் கொள்ளல் வேண்டும் என்னும் பிரிவு தோன்றியது. பெண்ணின் பெயரை வெளியிடலாகாது என்பதும் அத்திருத்தத்தின் பயனே. சான்றளிக்கும் பெண்ணின் பொதுவொழுக்கத்தைக் காட்டி அவள் சொல்லை மறுக்க இடந்தந்த சான்றுச் சட்ட உட்பிரிவு 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் நீங்கியது. 'இரு விரற் சோதனை' என்னும் இழிமுறையைச் சென்னை உயர்நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2022இல் கடிந்து விலக்கின. இவையனைத்தும் கூடி, பெண்ணை நோக்கி நீண்ட விரலை மீண்டும் ஆடவன் சொல்லை நோக்கித் திருப்ப முயன்ற முயற்சிகளே. கள்ளூர் அவையம் தொடங்கிய இடத்திற்கு இக்காலச் சட்டம் பல்லாண்டு முயன்று வந்தடைந்தது எனல் மிகையன்று.

நீறும் நீரும்

இவ்விடத்து இக்கால இலக்கியம் ஒன்றனை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1966 நவம்பரில் ஆனந்த விகடனில் செயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தது. மழையில் நின்ற கல்லூரி மாணவியை ஒருவன் தன் காரில் ஏற்றிச் சென்று கெடுக்கின்றான். வீடு திரும்பிய மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவள் என்று தாய் தேற்றுகின்றாள். அக்கதை எழுப்பிய வாதம் பெரிது. வாதிட்டோர் பலரும் அப்பெண் தூயவளா அல்லளா என்பதையே வினவினர். பின்னர் ஆசிரியரே, தாய் ஊரறியக் கதறியிருப்பின் அப்பெண்ணின் வாழ்வு என்னாகும் என்பதைச் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் புதினமாக விரித்தார். அது 1972இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

கள்ளூரில் நீறு ஆடவன் தலைமேல் விழுந்தது. செயகாந்தன் கதையில் நீர் பெண்ணின் தலைமேல் விழுந்தது. தாயின் அருளுள்ளம் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கழுவப்படல் வேண்டியவள் அப்பெண் என்னும் எண்ணத்தை அவ்வருளுள்ளமும் கடந்திலது. காரில் வந்தவனை எந்த அவையமும் வினவவில்லை. வினவ வேண்டும் என்னும் நினைவும் அக்கதையில் எவர்க்கும் எழவில்லை. இது கதையாசிரியர்க்குக் குறையன்று. அவர் காலத்துச் சமுதாயம் அங்ஙனமே இருந்தது. அதனை அவர் உள்ளவாறு காட்டினார்.

மறுப்புக்கு விடை

இதுகாறும் கூறியவற்றிற்கு இரு தடை எழும். முதலாவது, கள்ளூர் நிகழ்ச்சி வன்புணர்ச்சியன்று. கூடிப் பிரிந்து மறுத்தவன் செய்தியே என்பது. நலம் கவர்தல் என்பது காதலர் கூட்டத்திற்கும் பயின்று வரும் ஆதலின் இத்தடை தள்ளற்பாலதன்று. யாமும் அதனை வன்புணர்ச்சி வழக்கெனத் துணியவில்லை. எம் கருத்து, மறைவில் நிகழ்ந்த ஒன்றுபற்றி ஆணின் சொல்லும் பெண்ணின் நிலையும் முரணியவழி, அவையம் எதனை ஆராய்ந்தது என்பது மட்டுமே. அவ்வளவிற்கு அப்பாட்டு சான்றாகும். மேலும், தலைவனின் பொய்யை வாயிலில் நின்று ஆராயும் தோழியும் ஓர் அவையமே எனலாம். உவமைக்கும் பொருளுக்கும் பொதுத்தன்மை ஆரவாரம் மட்டுமன்று, ஆடவன் பொய் வெளிப்படுதலும் ஆம்.

இரண்டாவது, ஆடவன் சொல்லையே ஐயுறுதல் நடுவுநிலை ஆகுமோ என்பது. ஆகாது, கள்ளூர் அவையமும் அங்ஙனம் செய்திலது. அவன் மறுப்பைக் கேட்டது; கரி வினாவியது; பின்னரே ஒறுத்தது. ஆரவாரம் இறுதியில் எழுந்ததேயன்றி முதலில் எழவில்லை. 2019 டிசம்பர் 6ஆம் நாள் ஐதராபாத்துக்கு அண்மையில், பெண் மருத்துவர் ஒருவரைச் சிதைத்துக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நால்வர், வழக்கு நடவா முன்னரே காவலராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் மலர் தூவி மகிழ்ந்தனர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்குடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என 2022இல் முடிபு கூறிற்று. கரி இன்றி எழுந்த ஆர்ப்பு அது. அலர் வேறு, தீர்ப்பு வேறு. அலர் பெரிது என்று தோழி கூறினாளேயன்றி, அலரே தீர்ப்பு என்று கூறவில்லை.

குருகும் வாச்சாத்தியும்

கரி கிடைப்பது எளிதன்று என்பதையும் சங்கப் புலவர் அறிவர். குறுந்தொகை 25இல் கபிலர் காட்டும் தலைவி, தன்னை மணந்த பொழுதில் அவனையன்றி வேறு எவரும் இலர், ஒழுகுநீரில் ஆரல் பார்த்து நின்ற குருகு ஒன்றே இருந்தது என்கின்றாள். அக்குருகு இரையை நோக்கி நின்றதேயன்றி இவர்களை நோக்கவில்லை. காதலிலேயே இந்நிலை எனின் கொடுமையில் கூற வேண்டுவது இல்லை. அங்குப் பெண்ணின் சொல்லே கரி. அச்சொல்லை நம்பும் அவையம் வேண்டும்.

திருவண்ணாமலைக்கு மேற்கே, தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தே வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூர் உள்ளது. 1992 சூன் 20ஆம் நாள், சந்தனக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரிற் புகுந்தனர். பெண்டிர் பதினெண்மர் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். அரசுப் பணியாளர் அங்ஙனம் செய்யார் என்று முதலில் மறுக்கப்பட்டது. கள்ளூரான் கூறிய 'அறியேன்' என்னும் சூள் இங்கு ஓர் அரசின் குரலில் ஒலித்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் விடாது போராடினர். உயர்நீதிமன்ற ஆணையால் நடுவண் புலனாய்வுத் துறை வழக்கை ஆராய்ந்தது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிருடனிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 54 பேர் அதற்குள் இறந்தொழிந்தனர். 2023 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. தீர்ப்புக்கு முன்னர் நீதிபதி வேல்முருகன் அவ்வூருக்கே நேரிற் சென்று கண்டார். இடைப்பட்ட ஆண்டுகள் முப்பத்தொன்று. எழுத்தறிவு மிகாத அப்பெண்டிர் தம் சொல்லை மாற்றாமல் அவ்வாண்டுகள் முழுதும் நின்றனர். தமிழ் நிலத்தில் பெண் சொல்லே கரியாகி வென்றதற்கு இதனினும் பெரிய சான்று எம் அறிவிற்கு எட்டவில்லை.

முடிவுரை

மாணவியின் வினாவிற்கு மீள்வோம். கள்ளூர் அவையம் அப்பெண்ணை யாது வினவிற்று என்பது பாட்டில் இல்லை. அவள் பெயரும் இல்லை. அவள் பேசிய சொல்லும் இல்லை. தீர்ப்புக்குப் பின் அவள் வாழ்வு யாதாயிற்று என்பதும் இல்லை. அவ்வளவில் அவ்வவையத்தை நிறைவுடையது எனப் போற்றுதல் இயலாது. வாச்சாத்திப் பெண்டிர் பேசினர். அவர்தம் சொல் தீர்ப்பில் ஏறியது. இவ்வகையில் இக்காலம் சங்ககாலத்தினும் ஒருபடி மேம்பட்டது எனல் வேண்டும்.

தமிழ்த்துறையார் செய்தற்குரிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. சட்டத்தைத் திருத்துதல் நம் கையில் இல்லை. சொல்லைத் திருத்துதல் நம் கடமை. 'கற்பழிப்பு' என்னும் சொல்லை அகராதியில் வரலாற்றுக் குறிப்போடு வைத்துவிட்டு, பாடநூலிலும் தீர்ப்பு மொழிபெயர்ப்பிலும் ஆய்வேட்டிலும் 'வன்புணர்ச்சி' என்றே எழுதுவோமாக. குற்றத்தின் பெயர் செய்தவன் வினையைச் சுட்டுமாயின், மன்றத்தின் முதல் வினாவும் அவனை நோக்கியே எழும்.