விரல்நகத்தளவு ஓவியம்

ஸ்டீம் கடையில் கேம் விற்க வருபவர் ஒரே ஓவியத்தைப் பல அளவுகளில் வரைந்து தர வேண்டும். வாங்கியவரின் நூலகத்தில் நிற்பதற்கு 600க்கு 900 பிக்சலில் நெட்டையாக ஒன்று, கடையின் முகப்பில் வருவதற்கு அகலமாக ஒன்று, தேடல் பட்டியலுக்குச் சின்னதாக ஒன்று. ஓவியர்கள் ஆசை ஆசையாக வரைவது பெரிய படங்களை. ஆனால் அந்தக் கேமைப் பற்றி ஒன்றும் அறியாதவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் அந்தச் சின்னப் படம்தான். சில இடங்களில் அது 120க்கு 45 பிக்சலாகச் சுருங்கிவிடும். சிறிய படத்தில் லோகோவே கிட்டத்தட்ட முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளட்டும் என்று ஸ்டீமே அறிவுரை சொல்கிறது. ஆப் ஸ்டோரும் ஐகானை 1024 பிக்சல் சதுரமாகக் கேட்டு வாங்கி, கைபேசியில் விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகக் காட்டுகிறது. கேஷுவல் கேமுக்கு இந்தச் சுருக்கம் இன்னும் கடுமையானது. பெரிய கேம்களைத் தேடி வருபவர் டிரெய்லர் பார்த்து, விமர்சனம் படித்து, மனத்தில் ஒரு முடிவோடு வருகிறார். கேஷுவல் கேம் ஆடுபவரோ பஸ் வரும்வரை பத்து நிமிடத்தைக் கழிக்க ஏதாவது கிடைக்குமா என்று விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். அவரிடம் கதை சொல்ல நேரம் கிடையாது. இதை எடுத்தால் கைக்கு என்ன வேலை, மனசு எந்த நிலையில் இருக்கும் என்ற இரண்டை மட்டும் சொல்லலாம். இரண்டையும் ஒரே உருவத்தில் சொல்லிவிடும் படத்தையே நான் நல்ல கடைப்படம் என்பேன்.

ஆங்க்ரி பேர்ட்ஸின் சிவப்புப் பறவையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009 டிசம்பரில் ஐபோனுக்கு வெளியிட்ட கேம் அது. அன்றைய ஐபோன் திரையில் ஐகானுக்குக் கிடைத்த இடம் 57க்கு 57 பிக்சல். அந்த இடத்தில் இறகு வரைந்தால் கறையாகத் தெரியும், கால் வரைந்தால் கீறலாகத் தெரியும். இந்தப் பறவைக்கோ காலும் இல்லை, சிறகும் இல்லை. உடம்பே முகம். தடித்த கறுப்புப் புருவங்கள் நடுவில் இறங்கிச் சேர்ந்து நிற்கின்றன, கீழே மஞ்சள் அலகு. எவ்வளவு சுருக்கினாலும் அந்தப் புருவம் அழிவதில்லை. கோபம் என்ற மனநிலையைச் சொல்ல அது போதும். கைக்கு என்ன வேலை என்பதை அந்த உருண்டை வடிவம் சொல்கிறது. பிடித்து இழுத்து வீசத் தோதான வடிவம் அது. ஆட்டத்தில் பறவையை வீசும் கவண் ஐகானில் இல்லாமலே வீசும் ஆசை வந்துவிடுகிறது. எதிரிகளான பன்றிகளுக்குப் பச்சை நிறம் கொடுத்ததும் கண்ணறிந்த வேலை. சிவப்புக்கு நேரெதிர் நிறம் அது என்பதால் சிறிய திரையில் யார் யாரை அடிக்கப் போகிறார் என்பதில் குழப்பமே வராது. இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் வேறொன்று. வடிவமைப்பாளர் யாக்கோ ஈசலோ காலும் சிறகும் இல்லாத இந்தக் கோபக்காரப் பறவைகளை வரைந்து காட்டியபோது, இன்று நாம் அறிந்த கேம் பிறந்திருக்கவில்லை. படம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதற்கேற்ற விளையாட்டைப் பிறகு தேடினார்கள். கடைக்காரருக்காக மேலே ஒட்டிய படமாக இல்லாமல், விளையாட்டின் விதையாகவே அந்த முகம் இருந்தது. அதனால்தான் ஐகானுக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஒரு இம்மி இடைவெளியும் தெரிவதில்லை.

முகம் போட்டால் விற்கும் என்று இதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அதே பின்லாந்தின் சூப்பர்செல் 2012இல் வெளியிட்ட கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், மஞ்சள் மீசைக்கார வீரன் வாயைப் பிளந்து கத்தும் ஐகானோடு வந்தது. படை அனுப்பிக் கோட்டையைச் சூறையாடும் கேமுக்கு அந்தக் கத்தல் மிகப் பொருத்தம். அடுத்த சில ஆண்டுகளில் கத்தும் வாய்கள் கடையெங்கும் முளைத்தன. தோட்டம் போடும் கேமிலும் கத்தினார்கள், நிறம் சேர்க்கும் கேமிலும் கத்தினார்கள். இங்கே ஒரு மறுப்பு எழும்: ரசனையெல்லாம் எதற்கு, எந்தப் படத்தை அதிகம் பேர் தொடுகிறார்கள் என்று சோதித்துப் பார்த்தால் போயிற்றே? அதற்கு வசதியும் இருக்கிறது. இரண்டு மூன்று படங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடும் ஏற்பாட்டைக் கூகுள் பிளே 2015இலும் ஆப்பிள் 2021இலும் கொண்டுவந்தன. நல்ல கருவிதான், பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் முன்னால் வைத்த மூன்றில் எது தேவலை என்றுதான் சோதனை சொல்லும். வைக்காமல் விட்ட நான்காவதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எல்லோரும் ஒரே கூட்டத்திடம் ஒரே கேள்வியைக் கேட்டால் எல்லோருக்கும் கிடைப்பது ஒரே பிளந்த வாய்தான். பத்தும் கத்தும் வரிசையில் பதினொன்றாவது கத்தல் யார் காதிலும் விழாது.

முகமே இல்லாமல் ஜெயித்த படங்களும் உண்டு. நியூசிலாந்தின் டைனோசர் போலோ கிளப் 2015இல் வெளியிட்ட மினி மெட்ரோவைப் பாருங்கள். வட்டம், முக்கோணம், சதுரம் எல்லாம் ரயில் நிலையங்கள். அவற்றை இணைக்கும் தடித்த வண்ணக் கோடுகள்தான் ரயில் பாதைகள். ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தின் வாரிசு இந்த முறை. ஊரின் உண்மையான வளைவு நெளிவுகளைத் தூக்கி எறிந்து, எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதை மட்டும் மிச்சம் வைத்தவர் பெக். அந்த மொழியிலேயே கேம் நடக்கிறது, அந்த மொழியிலேயே அதன் கடைப்படமும் பேசுகிறது. மனிதரும் இல்லை, ரயில் பெட்டியின் பளபளப்பும் இல்லை. ஒழுங்குபடுத்துவதில் சுகம் காண்பவருக்கு அந்தக் கோடுகளே அழைப்பு. அந்த சுகம் வேண்டாதவர் கடந்து போய்விடுவார். போகட்டும். வேண்டாதவரை நாகரிகமாக விலக்கிவிடுவதும் நல்ல படத்தின் வேலைதான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கேம் விற்பனையே மிகைப்படுத்தலில் வளர்ந்ததுதானே? 1977இல் அடாரி வெளியிட்ட காம்பாட் கேமின் அட்டைப்பெட்டிக்கு கிளிஃப் ஸ்போன் தீட்டிய ஓவியத்தில் டாங்கிகளும் விமானங்களும் சீறுகின்றன. டிவியில் ஓடியதோ நாலு கட்டங்களைச் சேர்த்த மாதிரியான உருவங்கள். அது பொய்யில்லையா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெட்டியில் டாங்கி, திரையிலும் டாங்கி. பெட்டியில் சண்டை, கையிலும் சண்டை. அந்தக் கட்டத்தை எப்படிக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்று ஸ்போனின் தூரிகை சொல்லிக்கொடுத்தது. மிகை வேறு, மாற்றிக் காட்டுவது வேறு. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களில் ஆடுபவர் பெரும்பாலும் செய்வது ஒரே மாதிரிக் காய்களை மூன்று மூன்றாகச் சேர்ப்பது. அவற்றின் விளம்பரங்களோ ஊசியை உருவி ஆபத்திலிருந்து ஆளைக் காப்பாற்றும் புதிரைக் காட்டின. பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அவை ஏமாற்றுகின்றன என்று தீர்ப்பளித்தது. எல்லாப் படங்களும் உண்மையான ஆட்டத்தைக் காட்டுபவை அல்ல என்று அவற்றில் எழுதியிருந்ததும் காப்பாற்றவில்லை. அவை கடைக்கு வெளியே ஓடிய விளம்பரங்கள் என்றாலும் கடைப்படத்துக்கும் அதே அளவுகோல்தான். நிறத்தைக் கூட்டலாம், முகத்தைப் பெரிதாக்கலாம், கைக்கான வேலையை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் டவுன்லோடு கிடைக்கும், ஆடுபவர் கிடைக்க மாட்டார்.

படம் வரைபவருக்கு உதவியாக வந்த விதி ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டீமில் கடைப்படங்களின் மேல் விமர்சன மதிப்பெண், விருது முத்திரை, தள்ளுபடி அறிவிப்பு எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த காலம் உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வ துணைத்தலைப்பு இவை தவிர வேறெதுவும் கூடாது என்று அதன் உரிமையாளரான வால்வ் நிறுத்திவிட்டது. அடுத்தவர் தந்த பாராட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்க முடியாது. படம் தன் பலத்திலேயே நிற்க வேண்டும். சிலர் இதைக் கெடுபிடி என்றார்கள். என் கணக்கில் இந்தக் கலைக்கு அது பெரிய மரியாதை.

அடுத்த முறை ஒரு கேமை இறக்கும் முன் அதன் ஐகானையும், கீழே வரிசையாக உள்ள ஸ்கிரீன்ஷாட்களில் ஆட்டம் நடக்கும் ஒன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் உங்கள் கைக்கு ஒரே வேலையைச் சொன்னால் தாராளமாக இறக்குங்கள். வேறு வேறாகச் சொன்னால் விட்டுவிடுங்கள்.