ஓதமும் ஓலையும்

"எல்லாம் இயற்பியலே, ஏனைய அறிவுத்துறைகள் அதன் எடுபிடிகளே" என்று முழங்குவோர் உளர். பட்டம் பெற்ற வாய்கள் அதைப் பகரும்போது எளியோர் வாயடைத்து நிற்கின்றனர். ('பௌதிகம்' எனும் வடமொழிப் போர்வைக்குள் அத்துறை கிடந்த காலத்தில் அச்சம் இன்னும் மிகுதி. போர்வை போயிற்று; பூச்சாண்டி போகவில்லை!)

இக்கொள்கைக்குத் தெளிந்த வடிவம் தந்தவர் பிரெஞ்சுப் பேரறிஞர் லாப்லாஸ். ஒரு கணத்தில் உலகப் பொருள்கள் யாவற்றின் நிலையையும், அவற்றை இயக்கும் விசைகளையும் அறியவல்ல ஓர் அறிவு இருப்பின், அதற்கு எதிர்காலமும் கண்முன் நிற்கும் என்று 1814-இல் வந்த நிகழ்தகவு பற்றிய நூலில் அவர் எழுதினார். இதை உரைத்துப் பார்க்கத் தக்க இடம் பழவேற்காட்டு ஏரி. ஏனெனில், கடல் ஓதத்தின் இயக்கத்துக்குச் சமன்பாடு வகுத்தவரும் அதே லாப்லாஸ்தான்.

ஓதத்தில் இயற்பியலின் வெற்றி மறுக்கவொண்ணாதது. திங்களும் ஞாயிறும் ஈர்க்க, ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறுகிறது. அடுத்த ஆண்டின் ஓதத்தையும் இன்றே அட்டவணையிடலாம். ஆனால், அந்நீர் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரம் என்று அடைபடும்? தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்பும். ஆரணியாற்று வெள்ளம் வந்தால் வாய் அகலும். ஒவ்வொன்றும் இயற்பியல் விதிக்கு அடங்கியதே. எனினும், இந்த நாளில் மூடும் என ஆண்டுக்கு முன் உரைப்பார் இலர். வெள்ளம் மழையைச் சார்ந்தது. வானிலையிலோ தொடக்கத்துச் சிறு பிழை நாளடைவில் பெரும்பிழையாகும் என 1963-இல் காட்டினார் எட்வர்டு லோரென்சு. விதி தெரிந்தும் விளைவு தெரியாமற் போகலாம். லாப்லாஸின் கனவு கலைந்தது இங்கேதான்.

கலைந்ததும் பஞ்சாங்கக்காரர் பாய்விரித்து அமர்கிறார்: "பார்த்தீரா, உம் அறிவியலுக்கு எட்டாதது எமக்கு எட்டும்!" எட்டாது, ஐயா! எல்லையைக் கண்டு சொன்னதும் அறிவியலே. அப்பால் கிடக்கும் நிலத்துக்குப் பட்டா உம்மிடம் இல்லை.

வேறோர் எல்லையும் உண்டு. அது கணிப்பொறி பெருகினும் நகராது. கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கிறது. அதைப் பிடிக்கும் இடத்தையும் நாளையும் மீனவர் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரிப்பதே 'பாடு'. நல்ல ஏற்பாடுதான். ஆனால், மரபில் அது பட்டினவர் ஊர்கள் சிலவற்றின் உரிமை. இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணின் பெயருக்கு அந்தச் சீட்டில் ஓலை ஏது? அவளை விலக்கிய விசை யாது? ஈர்ப்பா, மின்னா, காந்தமா? சாதி! அதை அளக்கும் கருவி இயற்பியற்கூடத்தில் இல்லை. வரலாறும் பொருளியலும் சமூகவியலுமே அதை அளக்கும். அவற்றை எடுபிடி என்பார் இவ்வினாவைக் கேட்கவே மறுக்கிறார்.

ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கிறது சிறீஅரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ஏவுகலங்கள் எழுகின்றன. எரிந்து கழியும் பகுதி கடலில் எங்கே விழும் என்று இயற்பியல் கணித்துத் தருகிறது. ஆகவே ஏவுநாளில் படகுகள் அப்பக்கம் செல்லத் தடை. தடை தேவையே. அன்று உலை வைக்க மீனவர் வீட்டுக்கு அரிசி தருவது யார் பொறுப்பு என்பதை எந்தச் சமன்பாட்டில் தேடுவது?