வெயிலா, மேகமா?

சித்திரை 6, ஐப்பசி 6. வருஷத்தில் இந்த இரண்டு நாள் காலையில், ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயிலில் உதிக்கிற சூரியனின் கதிர் கோபுர வாசல் வழியாக நுழைந்து, மண்டபங்களைக் கடந்து, நேரே மூலவர் மேல் விழுகிறது. மறைக்கக் கூடாதென்று கொடிமரத்தையே கொஞ்சம் தள்ளி நட்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு கேமராதான். இருட்டறை, ஒரு திறப்பு, குறித்த நேரத்துக்கு மட்டும் வெளிச்சம். அன்றைக்கு மேகம் போட்டால் போச்சு, அடுத்த ஆறாம் தேதிக்கு ஆறு மாசம் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்து படம் எடுக்கும் இந்த வித்தைக்கு நாம் எப்போதோ பால் ஊற்றிவிட்டோம். கோடக் கம்பெனி தன் செல்லப்பிள்ளையான கோடாக்ரோம் ஃபிலிமை 2009-ல் நிறுத்தியது. அதைக் கழுவித் தந்துகொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் இருந்தது, 2010 டிசம்பரோடு கையை விரித்தது. 2012 ஜனவரியில் கோடக்கே மஞ்சள் கடுதாசி நீட்டியது. (மஞ்சள் டப்பாக்காரர்களுக்குப் பொருத்தம்தான்.) நம் ஊட்டியில் 1960-ல் அரசாங்கம் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்ட கம்பெனி, அதுவும் நஷ்டத்தில் மூழ்கி மூடிவிட்டது.

கருமாதி எல்லாம் முடிந்த பிறகு, 2024-ல் பென்டாக்ஸ் கம்பெனி புத்தம் புதிதாக ஒரு ஃபிலிம் கேமரா கொண்டுவந்தது. பெயர் பென்டாக்ஸ் 17. ஒரு படம் விழுகிற இடத்தில் இரண்டு விழும். 36 படச் சுருளில் 72 எடுக்கலாம். திருநெல்வேலிச் சீமைக்காரன் யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டிய சிக்கனம்!

இன்னொரு பக்கம் காலேஜ் பிள்ளைகள் அப்பாவின் பீரோவைக் குடைந்து, 2004, 2005-ல் வாங்கிய சைபர்ஷாட், கூல்பிக்ஸ், பவர்ஷாட் எல்லாவற்றையும் தூசி தட்டி எடுக்கிறார்கள். நாலு மெகாபிக்ஸல், ஐந்து மெகாபிக்ஸல் சாமான்கள். பழைய இரும்புக்குப் போட மனசில்லாமல் வைத்திருந்ததற்கு இப்போது விலை சொல்கிறார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ரிட்டயர் ஆனவர். அவரிடம் ஓர் அக்ஃபா க்ளிக் III, ஒரு யாஷிகா, இருபது வருஷத்துக்கு முந்தைய டிஜிட்டல் கேமரா ஒன்று. மூன்றும் வேலை செய்கின்றன. மூன்றையும் வேலை வாங்குகிறார், அதுதான் விசேஷம். அக்ஃபா க்ளிக் தெரியும்தானே? நம் வீடுகளில் அறுபது, எழுபதுகளில் இருந்த பெட்டி. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அதைக் கையில் எடுத்தால் நாம் முடிவு பண்ண வேண்டிய பெரிய கேள்வி ஒன்றுதான்: வெயிலா, மேகமா? அதற்கான குறியில் தள்ளிவைத்துவிட்டு க்ளிக் பண்ண வேண்டியதுதான்.

"கையிலதான் போன் இருக்கே அண்ணாச்சி, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"போன்ல எடுத்தா எடுத்து முடிச்சாச்சுன்னு தோணும் தம்பி. இதுல எடுத்தா வந்துருக்குமாங்கிற நெனப்பு ரெண்டு வாரம் கூடவே வரும். அந்த ரெண்டு வாரமும் அந்த இடத்தையே நெனச்சுக்கிட்டு இருப்பேன், பாத்துக்கிடுங்க."

பழைய கேமரா ஆர்வலர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ஃபிலிமின் ஆன்மா, அனலாக் வாசனை என்றெல்லாம் அளப்பார்கள். அண்ணாச்சி சொன்னதில் பாதி விஷயம்கூட அதில் இருக்காது.

சரி, படங்களுக்கு வருவோம். கேமராவைப் பற்றிப் பேசிப் பேசிப் படத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் புகாரே.

இந்தப் புதுப் பிரியத்தில் எடுக்கப்படுகிற படங்களை வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே படம்தான். புள்ளி புள்ளியாகக் கிரெய்ன். ஓரத்தில் வெளிச்சம் கசிந்த ஆரஞ்சுத் தீற்றல். டிஜிட்டல் என்றால் மூஞ்சியில் அடித்த ஃப்ளாஷ், மூலையில் மஞ்சளாகத் தேதி. அது எந்தத் தெரு, யார் வீட்டுத் திண்ணை என்று கேட்டால் எடுத்தவருக்கே சொல்லத் தெரிவதில்லை. பழைய கேமராவில் எடுத்த படம் என்று தெரிகிறது, எதைப் படம் எடுத்தார் என்று தெரியவில்லை. கிழிந்த சட்டையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி, அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் வெட்கப்பட்டுக் கிழித்துப் போட்ட குறைகளை இப்போது தேடிப் போய் வாங்குகிறோம்.

பழைய டிஜிட்டலின் 'மாயக் கலர்' பற்றியும் ஒரு வார்த்தை. சிசிடி என்று ஒரு சென்சார், அதனால்தான் ஃபிலிம் மாதிரி வருகிறது என்று சத்தியம் பண்ணுகிறார்கள். சென்சார் வெளிச்சத்தைத்தான் எண்ணுகிறது. கலரைத் தீர்மானிப்பது அதன் மேலிருக்கும் வடிகட்டியும், கம்பெனிக்காரன் உள்ளே எழுதிவைத்த கணக்கும். அந்த 'பார்ட்டி லுக்'குக்குக் காரணம் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்து பளீரென்று வெட்டும் குட்டி ஃப்ளாஷ். மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் நாலு மெகாபிக்ஸலைக் கேலி பண்ணாதீர்கள். ஆறுக்கு நாலு இஞ்ச் பிரிண்ட், இஞ்சுக்கு 300 புள்ளி வைத்தால் 1800-ஐ 1200-ஆல் பெருக்க வேண்டும். 21 லட்சத்துச் சொச்சம். இரண்டு மெகாபிக்ஸல் சொச்சம் போதும். மிச்சமெல்லாம் நாம் பிரிண்ட் போடாமலே சுமக்கிற பாரம்.

ஒட்டுப்போட்ட கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு நம் சீமையிலேயே ஓர் உதாரணம் உண்டு. மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் சாகும்வரை இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். 46 வருஷம்! (வாரா வாரம் விஷயத்துக்கு முழிக்கிற எனக்கு வயிறு எரிகிறது.) தமிழில் 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார். படமும் வரைவார்.

அவர் காட்டுக்கு எடுத்துப்போன கேமரா கடையில் கிடைப்பதில்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒன்றாகச் சேர்த்து அவரே அமைத்துக்கொண்டது. அதன் கனத்துக்குப் பொருத்தமாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார். உள்ளே கறுப்பு வெள்ளை ஃபிலிம். அதைத் தூக்கிக்கொண்டு முதுமலையிலும் மற்ற காடுகளிலும் யானையையும் காட்டெருமையையும் எடுத்தார். 1970-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் படங்களும் கட்டுரைகளும் சேர்ந்து 2006-ல் 'ஐ இன் தி ஜங்கிள்' என்று பெரிய புத்தகமாக வந்தன.

அந்தப் படங்களை இன்றைய வனவிலங்குப் படங்களோடு வைத்துப் பார்த்தால் முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். புலியின் மீசை மயிரை எண்ணுகிற கூர்மை எதிர்பார்த்தால் கிடைக்காது. சிலது மங்கல். சிலதில் மிருகத்துக்கு முன்னால் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் இன்னும் கொஞ்சம் நேரம் பாருங்கள். யானை எங்கே நிற்கிறது, சுற்றி என்ன மரம், கூட்டத்தில் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று எல்லாம் இருக்கும். சாட்சி சொல்கிற மாதிரியான படங்கள். அவர் கேமரா எப்படிப்பட்டது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க உங்களால் முடியாது. அது நமக்குத் தேவையும் படாது. பழைய கேமராவோடு வாழ்கிறவர்களை எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

நான் பி.காம். எனவே கொஞ்சம் கணக்கு. ஒரு கலர் ரோல், கழுவுகிற கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36-ஆல் வகுத்தால் படம் ஒன்றுக்கு 50 ரூபாய். ஒரு தடவை விரலை அழுத்தினால் ரெண்டு பரோட்டா, சால்னா காலி. போனில் அடுத்த படத்துக்கு ஆகும் செலவு பூஜ்யம். காஸ்ட் அக்கவுன்டிங் பாடப்படி போன்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் செலவு பூஜ்யமானால் சரக்கு குவியும், குவிந்த சரக்கை எவனும் ஸ்டாக் எடுக்க மாட்டான். இதையும் அதே பாடத்தில்தான் படித்தோம்.

இது தத்துவமில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் கண்ணால் பார்த்தது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை நினைவிருக்கும். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் தண்ணீருக்கு நடுவே நின்றுபோய், சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்களே, அந்த மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அண்ணாச்சி வீட்டுக்குள்ளும் இடுப்பளவு வந்தது.

கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறிவிட்டன. பரண் மேல் பிஸ்கட் டின்னில் இருந்த நெகடிவ்கள் தப்பின. 1985 கல்யாணம் இருக்கிறது, 1992 காதுகுத்து இருக்கிறது, 2005-ல் பழைய டிஜிட்டலில் எடுத்து சி.டி.யில் போட்டுவைத்த மதுரைப் பயணம்கூட இருக்கிறது. ஆனால் 2012-லிருந்து 2019 வரை? அந்த வீட்டில் அதிகம் படம் எடுத்தது அப்போதுதான். மூன்று போன் மாறியது, ஒன்று தொலைந்தது, ஒன்று தண்ணீரில் போனது. பேரப்பிள்ளை தவழ்ந்த படம் ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சியின் சம்சாரத்துக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. "ஆயிரம் எடுத்தாக. ஒண்ணையாச்சும் கழுவி மாட்டிருக்கலாம்லா?" என்றார். அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஃபிலிம் எடுக்கிற பிள்ளைகளிலும் பலர் ஸ்கேன் பண்ணி போனில் வாங்கிக்கொண்டு, நெகடிவை லேபிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு லேப்காரர் அலுத்துக்கொண்டார். பத்திரத்தை எறிந்துவிட்டு ஜெராக்ஸை வைத்துக்கொள்கிற புத்திசாலித்தனம்! 50 ரூபாய் கொடுத்து எடுத்த படத்தில் கடைசிவரை நிற்கக்கூடியது அந்த நெகடிவ் ஒன்றுதான்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்றைக்குக் கரையில் எவனோ ஒருவன் பெட்டிக் கேமராவோடு நின்று, வெயிலா மேகமா என்று யோசித்து எடுத்த படத்துக்கு ஈடாக இன்றைக்கு எந்த விலையுயர்ந்த கேமராவாலும் ஒரு படம் எடுக்க முடியாது. நாளைக்கு இன்னொருத்தர் தேடப்போவது எதை? ஊருக்குள் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் தெரிகிற சேற்றுக் கோடாக இருக்கலாம். அணைக்கட்டுப் பக்கத்துப் படித்துறையாக இருக்கலாம். பழைய கேமரா வைத்திருப்பவர்கள் லைட் லீக்கை விட்டுவிட்டு இவற்றை எடுக்கலாம். எடுத்ததற்கு இடம், தேதி எழுதி வைக்கலாம்.

அண்ணாச்சி எழுதுகிறார். சங்கத்துப் பேரேடு மாதிரியே கோடு போட்ட நோட்டு. ரோல் நம்பர், தேதி, இடம், வெயில் அல்லது மேகம். வெள்ளம் வடிந்த வாரம் எடுத்த பன்னிரண்டுக்கும் அதில் வரி இருக்கிறது. ஏழாவது படத்துக்கு எதிரே 'கை ஆடிவிட்டது' என்று எழுதி, அதையும் பிரிண்ட் போட்டு ஒட்டியிருக்கிறார்.

ஊறின ஆல்பங்களில் பாதியை அவர் மீட்டதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த மழைக்கு உதவும். லேபில் போட்ட பழைய பிரிண்டுகளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, பிரித்தால் முகம் உரிந்து வரும். எனவே காய்வதற்கு முன்பே, ஈரமாக இருக்கும்போதே, நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டுப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். சேறு போக அலசி, படம் மேலே பார்க்கும்படி நிழலில் பரப்ப வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. நெகடிவ் என்றால் அலசி, ஓரத்தில் க்ளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடலாம். வீட்டுப் பிரின்டரில் மையால் அடித்த படங்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, மை கரைந்து ஓடிவிடும். அண்ணாச்சி வீட்டில் அன்றைக்குக் கரண்ட் இல்லை, குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு. மாடியில் இரண்டு சின்டெக்ஸ் குடங்களில் பிடித்துவைத்திருந்த தண்ணீரில் ஒன்றை சமையலுக்கு வைத்துவிட்டு, இன்னொன்றை கல்யாண ஆல்பத்துக்குக் கொடுத்தது அவர் சம்சாரம்தான்.