அழுகையும் உவகையும்: திருநங்கையர் கலையை வாசிக்கும் முறை

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. திருநங்கையர் எழுத்தையும் அரங்கையும் அணுகும் தமிழ்த் திறனாய்வு, அவற்றுள் அழுகை, இளிவரல் ஆகிய இரண்டையே பெரிதும் காண்கிறது. தாப்பாவில் தமிழாசிரியர் சிலரோடு லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் சரவணன் வித்யா' (2007), அ. ரேவதியின் 'வெள்ளை மொழி' ஆகிய தன்வரலாறுகளைப் படித்தபோது, முதலில் எழுந்த சொல் 'பாவம்' என்பதே. இரக்கம் பழுதன்று. ஆயினும், இரங்கத்தக்கவர் என முடிவு செய்தபின் ஒருவரைக் கலைஞராகக் காண்பது அரிதாகிவிடுகிறது.

பெருமிதத்திற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களுள் கல்வி முதலாவது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜும் அவர்தம் தோழி சக்தியும் வீட்டைத் துறந்து, தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றனர். 2019இல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவ்விருதைத் தனியொருவரின் வெற்றியாக மட்டும் வாசித்தல் போதாது. இளமை தொட்டு உடனிருந்த தோழமையும் அக்கல்வியின் ஒரு பகுதியே.

உவகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று விளையாட்டு. சென்னையில் 2014இல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோர் 'பன்மை' நாடகக்குழுவைத் தொடங்கினர். பிறர் எழுதிய பாத்திரங்களாக நின்றவர்கள், தம் வாழ்வைத் தாமே நாடகமாக்கி நடித்தனர். தம்மை நகைப்பொருளாக்கிய சமூகத்தின் முன் நகைக்கும் உரிமையை அவர்கள் எடுத்துக்கொண்டனர் எனலாம்.

உவகையை முன்னிறுத்துவது துன்பத்தை மறைத்துவிடாதா என்னும் வினா எழலாம். நிர்வாணம் எனப்படும் அறுவைக்குப்பின், தாயும் மகளுமாக உறவு கொண்டோர் ஒருவரைப் பேணி, நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி அலங்கரித்துக் கொண்டாடும் வழக்கம் அவர்களிடையே உண்டு. புண் ஆறும் நாள்களிலேயே கொண்டாட்டத்திற்கான ஏற்பாடும் நடக்கிறது. நோவையும் மகிழ்வையும் அவர்கள் பிரித்து வைக்கவில்லை. நாமே பிரித்து வாசிக்கிறோம்.

எனவே, இந்நூல்களைக் கற்பிக்கும் ஆசிரியர், 'இவருக்கு நேர்ந்த துன்பங்கள் யாவை?' என்பதோடு நிறுத்தாமல், 'இவர் யாரோடு சேர்ந்து எதைப் படைத்தார்?' எனவும் வினவுதல் வேண்டும். எஞ்சிய மெய்ப்பாடுகள் அப்போதுதான் வகுப்பறைக்குள் வரும்.