ஞானஸ்நானத்துக்குப் பின்: காவிரிப் படுகையில் மதமாற்றம் மாற்றியதும் மாற்றாததும்

ஞானஸ்நானம் பெற்றவர் புதுப் பிறவி எடுத்தவர் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கை. அந்தப் புதுமை வாழ்க்கையில் எதுவரை எட்டியது என்று ஆராயக் காவிரிப் படுகை தக்க களம். 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். அன்று முதல் அங்கிருந்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு மிஷனரிகள் அனுப்பிய அறிக்கைகளும், தமிழ்க் கிறிஸ்தவர்களே எழுதிவைத்த நூல்களும் இதற்குச் சான்று தருகின்றன. மதமாற்றம் மனிதனின் அறிவையும் மனச்சான்றையும் விரைவாக மாற்றியது. பந்தியையும் பண்ணையையும் அவ்வாறு மாற்றவில்லை. இச்சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிவு இதுவே.

முதல் நன்மை எழுத்து வழி வந்தது. தரங்கம்பாடி அச்சகம் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது. தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்த இராஜநாயக்கன் பறையர் குலத்துக் கத்தோலிக்கர். அச்சான நற்செய்தி நூல் கைக்குக் கிடைக்க, அதைப் படித்தே 1728இல் லுத்தரன் சபையில் சேர்ந்தார். பின்னர் தஞ்சைப் பகுதியின் உபதேசியார் ஆனார். ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போனதைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது, வேதத்தைத் தாமே படித்துத் தாமே முடிவெடுத்ததுதான். கல்வி மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் மற்றவர்களுக்குப் பொருள் சொல்லும் ஆசிரியராக உயர்ந்தார்.

பெண்ணின் நிலையில் ஏற்பட்ட மாற்றத்துக்குக் கிளாரிந்தா எடுத்துக்காட்டு. தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவையான அவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். மணமாகாமல் வாழ்வதைக் காரணம் காட்டி, மிஷனரி சுவார்ட்ஸ் அவருக்கு முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். அதிகாரி இறந்த பின், 1778இல் பாளையங்கோட்டையில் அது கிடைத்தது. முடங்கிக் கிடக்க வேண்டியவர் என்று ஊர் விதித்திருந்த விதவை, ஒரு சபையை முன்னின்று வளர்த்து, 1785இல் ஆலயமும் கட்டினார். ஆனால் ஊர்வழக்கில் அது பாப்பாத்தி கோவில் ஆயிற்று. விட்டு வந்த சாதி, அவர் எழுப்பிய கட்டடத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

மனச்சான்றின் உறுதிக்கு வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சான்று. கிறிஸ்தவரான வேளாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சுவார்ட்ஸிடம் தஞ்சையில் வளர்ந்தவர் அவர். குறவஞ்சி என்ற உள்ளூர் இலக்கிய வடிவத்தைக் கொண்டே பெத்லகேம் குறவஞ்சி பாடினார். தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜி தம் குலதெய்வத்தின் மீது பாடச் சொன்னபோது மறுத்தார் என்றும், அப்போதும் அரசரின் ஆதரவு நீடித்தது என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். மதம் மாறினால் தமிழும் இசையும் பறிபோகும் என்ற அச்சத்துக்கு அவருடைய படைப்புகளே விடை.

பெரிய குறை சாதியில் வெளிப்பட்டது. 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்டு குருவானார். அடுத்த குருப்பட்டம் 1741இல் டியோகோ என்பவருக்குச் சென்றது. அனுபவம் மிக்க இராஜநாயக்கன் ஒதுக்கப்பட்டார்; பறையர் கையால் வேளாளர் திருவிருந்து வாங்கமாட்டார் என்பதே காரணம். ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் அமர்ந்தனர். திருவிருந்தில் வேளாளர் முதலிலும் பறையர் பின்னரும் வந்தனர். சபை பெருக வேண்டும் என்ற கணக்கில், மிஷனரிகளே இந்த வரிசைக்கு இடம் கொடுத்தனர்.

இதைத் திருத்த எடுத்த நடவடிக்கையும் பழுதுடையது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். நோக்கம் நியாயமானது, சுவிசேஷத்தின் போதனையோடும் ஒத்தது. ஆனால் அது தொலைவிலிருந்த மேலதிகாரியின் கட்டளையாக வந்தது. அதற்கு முன்பே புதிய மிஷனரிகள் திருமணப் பூக்களையும் தமிழ்ப் பாட்டையும் சாதியோடு ஒன்றாகச் சேர்த்துத் தள்ள முயன்றிருந்தனர். அழகியல் மரபும் தீண்டாமையும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்ந்ததால், சாஸ்திரியார் போன்றோர் இரண்டையும் சேர்த்தே காக்க முனைந்தனர். தமிழ்ப் பாட்டுக்காக அவர் வாதாடியது சரி. சாதிக்காக வாதாடியது அவருடைய பெருமைக்குக் குறைவு. வேளாளர் பலர் திருவிருந்தைத் துறந்தனர். பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டதால், சிலர் அங்கே போய்ச் சேர்ந்தனர்.

மதமாற்றத்தின் பயனை மதிப்பிடும்போது இன்னொரு ஒப்பீடும் தேவை. சரபோஜியும் சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவரே. ஆனால் மதம் மாறவில்லை. அப்படியிருந்தும் அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தார், சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார், புதுமுறைக் கல்விக்கூடம் நடத்தினார். ஆகவே, மதம் மாறியோரிடம் காணும் அறிவு மாற்றம் முழுவதையும் ஞானஸ்நானத்தின் கணக்கில் எழுத முடியாது. கல்விக்கும் ஆசிரியருக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. விசுவாசத்துக்கே உரிய மாற்றம், சாஸ்திரியார் அரசருக்கு மறுப்புச் சொன்ன இடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

வயற்காட்டில் மாற்றம் இன்னும் குறைவு. நிலம் மிராசுதாரிடம் இருந்தவரை, ஞானஸ்நானம் பெற்ற பண்ணையாளும் அதே வயலில், அதே படி நெல்லுக்கு உழைத்தார். பண்ணையாளின் கூலிக்கும் பணிக்கும் சட்டப் பாதுகாப்பு தந்தது, விவசாயிகள் இயக்கத்தின் போராட்டங்களை அடுத்து வந்த 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். மறுபுறம், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கிடைத்த திருத்தம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். சேரியில் பழைய சாதியாராகவும் அரசு ஏட்டில் வேறு வகுப்பாராகவும் எண்ணப்படுவதால், இரு வழியிலும் இழப்பு அவர்களுக்கே.

ஆக, தனி மனிதர் தாமே செய்யக்கூடியவற்றில், அதாவது படிப்பது, பாடுவது, மறுப்பது, பொறுப்பேற்பது ஆகியவற்றில், மதமாற்றம் வலுவான கருவியாக இருந்தது. பிறர் இசைவு தேவைப்படும் பந்தி, குருப்பட்டம், கூலி ஆகியவற்றில் அது தனித்து நின்று வெல்லவில்லை. சபை தன் ஒழுங்கை மாற்றிக்கொள்ளும் துணிவும், சபைக்கு வெளியே சட்டமும் போராட்டமும் துணை வந்த அளவுக்கே அங்கு மாற்றம் நிகழ்ந்தது.