எண்ணிக்கைக்குள் வராத தேவைகள்

மகளிரியல் நூலகத்துறையில் அடுத்து எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்யப் பெரும்பாலும் கைக்கெட்டிய கணக்குகளையே நம்புகிறார்கள்: இரவல் பதிவுகள், வாசகர் கருத்துக்கணிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஆய்வேடுகளின் மேற்கோள்களை எண்ணுவது. இதில் பயன் இல்லாமல் இல்லை. எந்த இதழை நிறுத்தலாம், எதை வாங்கலாம் என நிர்வாகத்திடம் வாதாட எண்கள்தாம் கைகொடுக்கும். மகளிரியல் ஆய்வாளர் ஒரே துறைக்குள் நிற்பதில்லை என்பதையும் மேற்கோள் பட்டியல்களே தெளிவாகக் காட்டுகின்றன.

ஆனால் மேற்கோள் என்பது கிடைத்த நூலின் கணக்கு மட்டுமே. இரவல் பதிவுக்கும் இதே குறை உண்டு. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் சமூகத்தில் பெண்கள் 305.4, பெண் தொழிலாளர் 331.4, குடும்ப வன்முறை 362.8292 என்று அலமாரிகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. 305.4-இன் இரவலை மட்டும் எண்ணி "மகளிரியலுக்கு வாசகர் குறைவு" என்று அறிக்கை எழுதினால் தப்பு வாசகரிடம் இல்லை.

இத்துறையின் நல்ல கேள்விகள் பல கருத்துக்கணிப்பில் பிறக்கவே இல்லை. மருத்துவர் என்றாலே ஆண் எனக் கொண்டு, பெண்களை 'மருத்துவர்களாகப் பெண்கள்' என்ற பாணியில் தனியே ஒதுக்கியது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியல். 1971-இல் சான்ஃபோர்டு பெர்மன், 1977-இல் ஜோன் மார்ஷல் ஆகிய நூலகர்கள் அத்தகைய தலைப்புகளை நூல்கள் எழுதியே சாடினார்கள். அவர்கள் பட்டியலையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டவர்கள்.

ஆய்வுக்கான ஆவணங்களே கைவசம் இல்லாதபோது என்ன ஆகும்? 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பெண்கள் இயக்க ஆவணக் காப்பகத்தை 1940-இல் நாஜிகள் அள்ளிச் சென்றனர். அந்த ஆவணங்களில் பல மாஸ்கோவில் இருப்பது 1992-இல்தான் வெளியே தெரிந்தது, அவை 2003-இல் திரும்பின. இடைப்பட்ட காலத்தில் அவற்றை மேற்கோள் காட்ட வழியில்லை. அதைத் தேவையின்மை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எழுத்தாளர் அம்பை, அதாவது சி. எஸ். லக்ஷ்மி, 1988-இல் மும்பையில் தோழியரோடு நிறுவிய ஸ்பேரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகம், வாய்மொழி வரலாறுகளையும் புகைப்படங்களையும் சேர்த்தது. அங்கே சேகரிப்பு முந்திக்கொண்டது. ஆய்வுக் கேள்விகள் பின்னால் வந்தன.

என் பார்வையில், மேற்கோள் எண்ணிக்கைக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது விடையின்றி முடிந்த தேடல்களுக்குத் தர வேண்டும். கணினிப் பட்டியலில் இத்தகைய தேடல்களின் பதிவுகளைச் சேமிப்பது எளிது. வாசகர் எந்தச் சொல்லால் தேடினார், பட்டியல் எந்தச் சொல்லை வைத்திருந்தது என்ற இடைவெளி அதில் தெரியும். ஒரு சிக்கலும் உண்டு. கருக்கலைப்பு, கணவனின் அடி என்றெல்லாம் தேடிய பெண் யார் என்பதையும் அந்தப் பதிவு காட்டிக்கொடுக்கக்கூடும். உறுப்பினர் எண்ணையும் நேரத்தையும் நீக்காமல் அதை எந்த ஆய்வாளர் கையிலும் கொடுக்கக் கூடாது.